கொல்லிமலை பஸ் ஏறுவதற்கு முன்னால்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் கொல்லிமலைக்குப் போகிற அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் மலைக்கு மேலே போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவு. அந்த 70 வளைவுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தவர்களை அவ்வளவு பார்த்திருக்கிறேன்.

போன வாரம் தங்கச்சி மகள் கோயமுத்தூரிலிருந்து போன் செய்தாள். "மாமா, லீவுக்குப் பிள்ளைகளோட கொல்லிமலை வர்றோம். சின்னவனுக்கு மேட்டுப்பாளையம் தாண்டுனாலே வாந்திதான். என்ன குடுத்துக் கூட்டிட்டு வரட்டும்?" என்று கேட்டாள். போனில் முடிந்தவரை சொன்னேன். இதே கேள்வியைப் பலரும் கேட்பதால், தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லோரும் "என்ன கொடுக்கலாம்" என்றுதான் கேட்கிறார்கள். எப்போது கொடுப்பது என்று கேட்பதில்லை. என் அனுபவத்தில் அதுதான் முக்கியம். பத்தாவது வளைவில் குமட்டல் எடுத்த பிறகு இஞ்சியைக் கடித்தாலும் சரி, எலுமிச்சையை முகர்ந்தாலும் சரி, பாதிப் பேருக்குத்தான் கேட்கும். வயிறு ஒரு தடவை புரள ஆரம்பித்துவிட்டால் உள்ளே போன மருந்து குடலுக்கு இறங்காமல் வயிற்றிலேயே நிற்கும், அப்புறம் அதுவும் சேர்ந்து வெளியே வரும். அதனால் வைத்தியம் அடிவாரத்துக்கு முன்னாலேயே தொடங்க வேண்டும்.

வாந்தி வரப்போகிறது என்பது முகத்தில் முன்கூட்டியே தெரியும். முதலில் கொட்டாவி வரும். தூக்கக் கொட்டாவி இல்லை, அடுத்தடுத்து வருகிற கொட்டாவி. அப்புறம் பேச்சு நின்றுவிடும். வளவளவென்று பேசிக்கொண்டு வந்த பையன் திடீரென்று அமைதியாகிவிட்டால் அம்மாக்கள் "அப்பாடா" என்று நினைப்பார்கள். நான் கேரி பேக்கை எடுத்துக்கொண்டு அந்தச் சீட்டுக்குப் போவேன். உதட்டுக்கு மேலே பொடி வியர்வை, முகத்தில் ஒரு வெளுப்பு, எச்சிலை அடிக்கடி விழுங்குவது. எச்சில் ஊற ஆரம்பித்துவிட்டால் அதிக நேரம் இல்லை. கொட்டாவியிலேயே கவனித்துவிட்டால் நிறையத் தடுக்கலாம்.

ஏன் வருகிறது என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதும் தானாக விளங்கும். காதுக்குள்ளே, வெளியில் தெரியாத இடத்தில், இரண்டு பக்கமும் மும்மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே நீர் போன்ற ஒரு திரவம். தலை திரும்பும்போது அந்தத் திரவம் அசைந்து, "இந்தப் பக்கம் திரும்புகிறோம்" என்று மூளைக்குச் சொல்கிறது. பஸ் வளைவில் திரும்பும்போது காது சரியாகச் சொல்கிறது. ஆனால் கண் செல்போனையோ முன் சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டிருந்தால், "அசைவே இல்லையே" என்று அது வேறொன்று சொல்கிறது. இந்த இரண்டு சேதியும் ஒத்துப்போகாததுதான் குமட்டலின் தொடக்கம். டிரைவருக்கு வாந்தி வராததற்கும் இதுதான் காரணம். அவர் கண் ரோட்டில் இருக்கிறது. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். உடம்பு அதற்குத் தயாராக இருக்கிறது. அதே டிரைவர் லீவு நாளில் பின் சீட்டில் உட்கார்ந்து வந்து தலை சுற்றிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

காதின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு என் மகள் ஒரு சேதி சொன்னாள். அவள் பார்மசி படித்தவள். 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை, விண்வெளிப் பயண ஆராய்ச்சிக்காகக் காது கேளாத 11 ஆண்களைச் சேர்த்துக்கொண்டதாம். அவர்களில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் உள்காது செயலிழந்திருந்தது. கனடா பக்கம் நோவா ஸ்கோஷியா கடலில் கொந்தளிப்பான நேரம் பார்த்துப் படகில் கூட்டிப்போனார்கள். ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள் வாந்தி எடுத்துப் படுத்துவிட, இவர்கள் உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்களாம். உள்காது வேலை செய்யாவிட்டால் இந்த வாந்தி கிடையாது. கண்ணை மூடிக்கொண்டால் சிலருக்குக் கொஞ்சம் தேவலை என்று தோன்றுவதும் இதனால்தான்: சண்டை போடும் இருவரில் ஒருவரை வெளியே அனுப்பியது மாதிரி.

சரி, இப்போது சீட். கடைசி சீட் வேண்டவே வேண்டாம். பஸ்ஸின் பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பகுதி வளைவில் எவ்வளவு தூரம் வீசுகிறது என்பது வெளியே நின்று பார்த்தால் தெரியும். முன் பக்கம், முன் கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற இடம் பிடியுங்கள். குழந்தையை மடியில் உங்களைப் பார்த்தபடி உட்கார வைக்காதீர்கள். ரோட்டைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். பக்கவாட்டு ஜன்னலில் விர்ரென்று ஓடும் மரங்களைப் பார்ப்பதைவிட, தூரத்து மலை முகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போன் பைக்குள் போகட்டும். வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை இருக்கிறது. அடுத்த பலகை எந்தப் பக்கம் வரும் என்று பிள்ளைகளைத் தேடச் சொன்னால், கண் தானாக முன்னால் போகும். இந்த ஒரு விளையாட்டால் தப்பித்த பிள்ளைகள் நிறையப் பேர்.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இந்தத் தொந்தரவு வராது. பள்ளிக்கூட வயதில்தான் அதிகம். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். மாதவிடாய் நாட்களிலும் மசக்கையிலும் இன்னும் கூடும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் அப்படித்தான். தினமும் மிளகு மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு போய் வருகிற மலைக்காரர்களுக்கு ஒன்றும் செய்யாது. பழகப் பழக உடம்பு படித்துக்கொள்கிறது.

அடுத்தது வயிறு. வெறும் வயிற்றோடு வந்தால் வாந்தி வராது என்று நிறையப் பேர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஏறுவார்கள். வெறும் வயிற்றில் குமட்டல் கூடுதலாகத்தான் வரும், எடுக்கும்போது பித்தமாக மஞ்சள் தண்ணி வந்து தொண்டை எரியும். அதற்காக நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் பூரியும் கிழங்கும் முடித்துவிட்டு ஒரு பால் காபியும் குடித்து ஏறினால் அதுவும் ஆபத்து. எண்ணெயும் கொழுப்பும் வயிற்றை விட்டு இறங்க நேரமாகும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, இல்லை ரஸ்க்கும் பால் ஊற்றாத வறக்காப்பியும். வழியில் கொறிக்கப் பொரி நல்லது. வாசனை இல்லை, எண்ணெய் இல்லை.

வாசனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனி ஆடியில் கொல்லிமலைப் பலாப்பழ சீசன். மூடிய ஜன்னலோடு பஸ்ஸுக்குள் பத்துப் பழம் இருந்தால், சாதாரணமாக வாந்தி வராதவருக்கும் வரும். டீசல் புகை, முந்தின சீட்டில் யாரோ எடுத்த வாந்தி, தலையில் வாடிய மல்லிகை எல்லாம் சேர்ந்துகொள்ளும். மழையாக இருந்தாலும் ஜன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள். முகத்தில் குளிர்ந்த காற்று படுவது உண்மையிலேயே குமட்டலைக் குறைக்கும். ஈரத்துணியைப் பிடரியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டவே கூடாது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் எதிரே இறங்கி வருகிற லாரி. வாந்தியைக் கேரி பேக்கில் எடுங்கள். ஓட்டையில்லாத பை என்று ஊதிப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.

இப்போது கைவைத்தியம். இதில் எனக்கு முதல் நம்பிக்கை சுக்கு. பஸ் ஸ்டாண்டில் "இஞ்சி மரப்பா" என்று கூவி விற்பவர்களை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரைதான் அதிகம் என்றாலும் காரம் நாக்கில் உறைக்கிற அளவுக்கு இஞ்சி இருந்தால் நல்ல சரக்கு. எங்கள் வீட்டில் மனைவி செய்வது வேறு. நல்ல சுக்காகப் பார்த்து வாங்கி, மேல் தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவாள். சுக்குக்குத் தோலில் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டையில் நஞ்சு என்பது அவள் அம்மா சொன்ன பாடம். லேசாக வறுத்து, இடித்து, சலித்து, கொஞ்சம் ஏலக்காயும் வறுத்த சீரகமும் பொடித்துச் சேர்த்து, நாட்டுச்சக்கரைப் பாகில் கிளறிச் சுண்டைக்காய் அளவு உருட்டி வைப்பாள். பெரியவர்கள் சேந்தமங்கலம் தாண்டியதும் ஒன்று, காரவள்ளியில் ஒன்று வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். கடித்து விழுங்கக் கூடாது. கரைய விட வேண்டும். பிள்ளைகளுக்குப் பாதி போதும்.

இஞ்சி காயும்போது அதில் உள்ள காரச்சத்து மாறி இன்னும் உறைப்பான ஒரு பொருளாகிறது, அதனால்தான் சுக்குக்கு வேகம் அதிகம் என்று மகள் விளக்கினாள். 1988இல் டென்மார்க்கில் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரைக் கடலில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒரு கிராம் இஞ்சிப் பொடி சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் குறைந்தன. ஆனால் குமட்டல் உணர்வு பெரிதாகக் குறையவில்லை. சுற்றும் நாற்காலியில் உட்கார வைத்துச் செய்த வேறு சோதனைகளில் இஞ்சி பலன் தராமலும் போயிருக்கிறது. நான் பஸ்ஸில் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான்: சுக்கு சாப்பிட்டவர்கள் முகம் சுளித்துக்கொண்டே வருவார்கள், ஆனால் எடுக்க மாட்டார்கள். எனக்கு அதுவே பெரிய விஷயம். ஒரு கிராம் என்றால் சின்ன டீஸ்பூனில் பாதி. அதற்கு மேல் அள்ளிப் போட்டால் நெஞ்சு எரியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

எலுமிச்சையைச் சாறு பிழிந்து குடிப்பதைவிட முகர்வது நல்லது. தோலை நகத்தால் கீறினால் எண்ணெய் தெறிக்கும், அந்த வாசனைதான் வேண்டும். அது மற்ற நாற்றங்களை அமுக்கிவிடும். கொல்லிமலையில் ஆரஞ்சு கிடைக்கும் காலத்தில் அதன் தோலும் இதே வேலையைச் செய்யும். வாயில் அடக்கிக்கொள்ள உப்பு நெல்லி வற்றல், உப்பு நார்த்தங்காய், மாங்காய் வற்றல், புளிப்பு மிட்டாய் எதுவும் சரி. எச்சில் ஊறி ஊறிக் குமட்டுகிறவர்களுக்குப் புளிப்பும் உப்பும் நாக்கை மாற்றிவிடும். உப்பு நார்த்தங்காய்தான் இதில் ராஜா என்பேன். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் ஒரு சின்னத் துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோம்பு, ஓம வாட்டர் எல்லாம் சாப்பாடு செரிக்காமல் வருகிற வயிற்றுப் புரட்டலுக்கு ஆகும். வளைவில் வருகிறதுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை.

உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு வரியிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு நரம்புக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்துவது ஒரு சீன முறை. சிலருக்குக் கேட்கிறது. பைசா செலவில்லை, பக்கவிளைவில்லை, செய்து பாருங்கள். வயிற்றில் நியூஸ் பேப்பர் வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மாத்திரை பற்றிக் கைவைத்தியப் பதிவில் எழுதலாமா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும். அவோமின் போன்ற பயண மாத்திரை காதிலிருந்து வருகிற சேதியையே மட்டுப்படுத்துகிறது. மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், தூக்கம் வரும். அன்றைக்குப் பைக்கோ காரோ ஓட்டக் கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. பெரிய பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டர் சொன்னால்தான். நிறையப் பேர் வீட்டில் கிடக்கிற எமிசெட்டைப் போட்டுக்கொண்டு வந்து, "மாத்திரை போட்டும் வாந்தி நிக்கலீங்களே" என்பார்கள். அது வயிற்றுப்போக்கோடு வருகிற வாந்தி, புற்றுநோய் மருந்தால் வருகிற வாந்தி ஆகியவற்றுக்கு நல்ல மாத்திரை. வளைவில் வருகிற வாந்திக்கு அவ்வளவாகக் கேட்காது. வாந்தி மாத்திரை எல்லாம் ஒன்றில்லை.

எடுத்தே விட்டால்? முதலில், எடுத்தவரைத் திட்டாதீர்கள். இது என் மனதில் நிறைய நாளாக இருக்கிற விஷயம். மலை மேலே இருக்கிற அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு வந்த ஒரு பெண் பட்டுச்சேலையில் எடுத்துவிட்டாள். கூட வந்தவர்கள் சேலையைப் பற்றியே பேசினார்கள். பின் சீட்டில் இருந்த மலைக்கார ஆயா எழுந்து வந்து, ஒரு கையால் அவள் நெற்றியையும் இன்னொரு கையால் பிடரியையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "எடுத்துரு கண்ணு, எடுத்துரு" என்றது. அந்தப் பெண் அழுதுகொண்டே எடுத்து முடித்தாள், அஞ்சு நிமிஷத்தில் தெளிந்துவிட்டாள். வாந்தி எடுக்கும்போது தலையைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை இருப்பது எவ்வளவு ஆறுதல் என்று எடுத்தவர்களுக்குத் தெரியும்.

எடுத்ததும் வாயைக் கொப்பளிக்கட்டும். உடனே ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள், அதுவும் திரும்பி வரும். பத்து நிமிஷம் விட்டு ஒரு மடக்கு, அப்புறம் இன்னொரு மடக்கு. நிறைய எடுத்திருந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய டீஸ்பூனில் ஆறு சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு இதற்கு மேல் போகக் கூடாது. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியும் நல்லதுதான். மேலே போய் இறங்கியதும் ஒரு சுக்குமல்லிக் காபி குடித்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்படிச் சரியாகாத வாந்தி வேறு வாந்தி. ஒரு மார்கழிக் காலையில் பெரியவர் ஒருவர் காளப்பநாயக்கன்பட்டி தாண்டியதும், "வாயுங்க கண்டக்டரே, குமட்டுது, இஞ்சி ஏதாச்சும் இருக்கா?" என்றார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அங்கே வளைவே கிடையாது, நேர் ரோடு, வெளியே பனி. இந்த இரண்டும்தான் என்னை உறுத்தியது. கேட்டால் இடது கை கனக்கிறது, தாடை வலிக்கிறது என்றார். சர்க்கரைக்காரர். டிரைவர் ஓரம் கட்டினார், எதிரே வந்த காரை நிறுத்தி நாமக்கல்லுக்கு அனுப்பினோம். மாரடைப்பு. சரியான நேரத்தில் போனதால் பிழைத்துக்கொண்டார். சர்க்கரை உள்ளவர்கள், வயதானவர்கள், பெண்கள் இவர்களுக்கு நெஞ்சுவலியே பெரிதாக இல்லாமல் குமட்டலும் வியர்வையுமாக மாரடைப்பு வரலாம். அந்த நேரத்தில் இஞ்சிச் சாறு தேடி நேரத்தைப் போக்காமல் 108க்கு அடியுங்கள். தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, ரத்தமோ பச்சையாகவோ வருவது, வலது அடிவயிற்றில் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாந்தி எடுத்த குழந்தை எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, மூத்திரம் போகாமல் இருப்பது இவற்றுக்கெல்லாம் வீட்டில் வைத்தியம் கிடையாது. மசக்கையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்கவில்லை என்றாலும் ஆஸ்பத்திரிதான்.

கடைசியாக, இறங்குகிற பயணம். ஏறும்போது ஒன்றும் இல்லாமல் வந்தவர்கள் இறங்கும்போது எடுப்பது ரொம்ப சகஜம். ஆகாய கங்கை அருவியின் ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஏறிய அலுப்பு, மதியம் வயிறு முட்டச் சாப்பாடு, அன்னாசிப்பழம், அப்படியே பஸ். இறக்கத்தில் டிரைவர் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பார், வயிறு முன்னும் பின்னும் குலுங்கும். அதனால் மேலே சாப்பாட்டை முக்கால் வயிற்றோடு நிறுத்துங்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது விட்டு ஏறுங்கள், சுக்கு உருண்டையில் பாதியைத் திரும்புகிற வழிக்கு எடுத்து வையுங்கள். ஆடி 18இல் மலையில் நடக்கிற வல்வில் ஓரி விழாச் சமயத்தில் சீட்டே கிடைக்காது. நின்றுகொண்டு வருகிறவர்கள் முன் கண்ணாடியைப் பார்த்து, காலைக் கொஞ்சம் அகட்டி, கம்பியை இறுக்கிப் பிடித்து நில்லுங்கள். கொட்டாவி வர ஆரம்பித்ததும் கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள். எந்த வளைவில் வண்டியை ஒதுக்கி நிறுத்த இடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ரெண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்வார்.